பிறர் கதையும் தன் வாக்கியமும்

குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோரிடையே எழுத்துப் பயிற்சியைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குழந்தையின் உள்ளத்தில் எழும் எண்ணம் தனக்குரிய சொல்லைத் தானே தேடிக்கொள்ளும் என்றும், பிறர் சொன்ன கதையை வாங்கி மறுபடி சொல்லச் செய்வதும், ஒரே வாக்கியத்தைப் பலவிதமாக மாற்றி எழுதச் செய்வதும் அதன் சுபாவமான பிரவாகத்தைத் தடுக்கும் காரியங்கள் என்றும், ஆகையால் தாளையும் எழுதுகோலையும் கையில் கொடுத்து, தோன்றியதைத் தன் சொற்களில் எழுதும்படி சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதே பெற்றோரின் கடமை என்றும் அவர்கள் மனமார நம்புகிறார்கள். 1977-இல் பாஸ்டன் நகரத்திலிருந்து வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஜான் ஹோல்ட், குழந்தை யாரும் கற்பிக்காமலே கற்கும் இயல்புடையது என்று வாதாடிய காலம் தொட்டு அமெரிக்காவில் இந்த எண்ணம் பலம் பெற்றது. 1993-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்ட சம்மதம் பெற்றுவிட்டது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் புணேயிலும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பித்து, பதினான்கு வயதுக்குமேல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுக்கு அனுப்பும் குடும்பங்களிலும் அதே எண்ணம் மறுப்பாரின்றி வழங்கிவருகிறது. அதை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நம் பள்ளிகளில் 'வாக்கிய மாற்றம்' என்ற பெயரால் நடப்பதைக் கண்டவர்கள் அதன்மேல் வெறுப்புக் கொண்டதில் வியப்பில்லை. தன்வினையைப் பிறவினையாக்கு, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு என்று, ஒன்றோடொன்று எவ்விதச் சம்பந்தமும் இல்லாத, யார் யாரிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதே தெரியாத ஐந்தாறு வாக்கியங்களைக் கொடுத்து மாற்றச் சொல்கிறார்கள். மாணவன் விகுதியை மாற்றி எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, மறுநாளே மறந்துவிடுகிறான். துணைப்பாடக் கதையைச் சுருக்கி எழுதுக என்ற வினாவின் கதி இன்னும் பரிதாபகரமானது. கடையில் விற்கும் உரைநூலில் அச்சிட்டிருக்கும் சுருக்கத்தை நெட்டுருப் போட்டு, மூலக்கதையை ஒரு முறைகூட வாசிக்காமலே அதன் சுருக்கத்தை எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிற மாணவர்கள் ஏராளம். அத்தகைய கல்வியிலிருந்து தம் பிள்ளையை மீட்டு வந்த தாயும் தகப்பனும் அதன் அடையாளங்கள் யாவற்றையும் வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட விரும்புவது மனித இயற்கை. ஆயினும், ஒரு பயிற்சியை உயிரற்றதாக்கி நடத்தியவர்களின் குற்றத்தை அந்தப் பயிற்சியின்மேலேயே சுமத்தித் தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஒன்பது வயதுக் குழந்தையை வெற்றுத் தாளின் முன் உட்காரவைத்து, மனத்தில் உள்ளதை எழுது என்று சொல்லும்போது, அதனிடம் நாம் ஏககாலத்தில் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். சொல்வதற்குரிய பொருளை அது கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பொருளுக்கு முதலும் இடையும் முடிவுமாக ஒரு சொல்வடிவத்தையும் அமைக்க வேண்டும். தேர்ந்த எழுத்தாளரையே நாள்கணக்கில் தயங்கவைக்கும் இந்த இரட்டைச் சுமையை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கி மூன்று நான்கு வருஷங்களே ஆன குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறோம். விளைவு என்ன? பூங்காவுக்குப் போனோம், விளையாடினோம், சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்தோம் என்ற நான்கு வரிகள். இது குழந்தையின் சொந்தக் குரல் என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். எனக்கோ, இயன்ற அளவு விரைவாகச் சுமையை இறக்கிவிட்டு ஓடிப்போக நினைக்கும் ஜீவனின் களைப்புத்தான் அவ்வரிகளில் தெரிகிறது. அதே குழந்தையிடம் அது நன்றாக அறிந்த கதை ஒன்றைக் கொடுத்து, இதை எனக்குச் சொல் என்று கேட்டால், பொருளைத் தேடும் பாரம் நீங்கிவிடுகிறது; அதன் புத்தி முழுவதும் எங்கே தொடங்குவது, எதை விடுவது, எந்தச் சொல்லால் சொல்வது என்ற ஒன்றிலேயே நிலைக்கிறது. சங்கீதம் பயிலும் பிள்ளைக்கு யாரும் முதல் நாளிலேயே ராக ஆலாபனை செய்யும்படி கட்டளையிடுவதில்லை. சரளி வரிசையும் அலங்காரமும் கீதமும், பின்னர் முன்னோர் இயற்றிய வர்ணத்தை இரண்டு காலங்களில் பாடுவதும் அப்பியாசமான பிறகே கற்பனை ஸ்வரம் வருகிறது. அவற்றால் மனோதர்மம் அழிந்துபோயிற்று என்று எந்தப் பாடகரும் புலம்பியதாக நான் கேட்டதில்லை.

இந்த ஆட்சேபம் நம் காலத்துப் புதுமையும் அன்று. கி.மு. 55-இல் சிசரோ எழுதிய, பேச்சாளனின் கலையைப் பற்றிய சம்பாஷணை நூலில், கிராசஸ் என்னும் பெரிய வழக்கறிஞர் தம் இளமைப் பயிற்சியை விவரிக்கிறார். ஒரு செய்யுட் பகுதியையோ சொற்பொழிவையோ நினைவில் நிற்கும் மட்டும் வாசித்து, அதே பொருளை வேறு சொற்களால் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கமாக இருந்ததாம். நாளடைவில் அவருக்கு ஒரு குறை புலப்பட்டது: செய்யுளானால் என்னியசும், சொற்பொழிவானால் கிராக்கசும் மிகச் சிறந்த சொற்களை முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டபடியால், தமக்கு மிஞ்சுபவை தரத்தில் தாழ்ந்த சொற்களே என்றும், அவற்றைப் பழகுவது நாவுக்குக் கேடு என்றும் எண்ணி, அப்பயிற்சியைக் கைவிட்டுக் கிரேக்கச் சொற்பொழிவுகளை லத்தீனில் பெயர்க்கத் தலைப்பட்டார். குழந்தையின் சுயமான வாக்கு கெட்டுப்போகும் என்று இன்றைய பெற்றோர் அஞ்சுகிறார்கள். மூலத்தைவிடத் தாழ்ந்த வாக்கு படிந்துவிடும் என்று கிராசஸ் அஞ்சினார். காரணங்கள் எதிர்த்திசையில் இருப்பினும் தீர்ப்பு ஒன்றுதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பழங்காலத்திலேயே இருவர் தக்க மறுமொழி கூறியிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டினர் என்று கருதப்படும் தேயோன், மாணவர்க்கான பயிற்சிகளைத் தொகுத்த தம் நூலில், ஒரு பொருளை அழகாகச் சொல்லும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிட்டும் என்போரை நேரடியாகவே கண்டிக்கிறார். ஒரே நிகழ்ச்சி மனிதர் மனத்தை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. ஒரு சமயம் அதைக் கூறுகிறோம், ஒரு சமயம் கேள்வியாகக் கேட்கிறோம், ஒரு சமயம் வேண்டுதலாக வெளியிடுகிறோம் என்பது அவர் வாதம். வாதத்தோடு நில்லாமல், தூசிடிடீசின் சரித்திரத்திலிருந்து தீப்ஸ் நகரத்தார் பிளாட்டியாவுக்குள் புகுந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதைக் கூற்றாகவும் வினாவாகவும் கட்டளையாகவும் எப்படிச் சொல்லலாம், நடுவில் தொடங்கி முதலுக்குப் போய் முடிவுக்கு எப்படி வரலாம் என்றெல்லாம் செய்தும் காட்டுகிறார். ஸ்பெயினில் பிறந்து ரோமாபுரியில் ஆசிரியத் தொழில் நடத்திய குயின்டிலியனோ, செவிலியர் சொல்லும் கதைகளுக்கு அடுத்தபடியாக ஈசாப்பின் கதைகளைக் குழந்தைகள் எளிய மொழியில் வாயால் சொல்லி, பிறகு அதே எளிமையோடு எழுதப் பழக வேண்டும் என்று முதற் புத்தகத்திலேயே விதிக்கிறார். முதிர்ந்த மாணவர்க்குரிய பத்தாம் புத்தகத்தில் மீண்டும் இவ்விஷயத்துக்கு வந்து, நன்றாகச் சொல்லும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் முன்னோர் அதை அடைத்துவிட்டார்கள் என்று கருதலாம், ஆனால் அவ்வழிகளுக்குக் கணக்கே இல்லையே என்று தர்க்கிக்கிறார். மூலத்தோடு போட்டியிடுவதே இப்பயிற்சியின் நோக்கம் என்பது அவர் கொள்கை. அப்படிப் போட்டியிட்டுத் தோற்கும் இடத்திலும் ஒரு லாபம் உண்டு என்று அவர் கண்டது எனக்கு மிகவும் உவப்பானது: பெரியோர் எழுத்தின் மேன்மை எவ்வளவு என்பது, அதை நம்மால் எட்ட முடியவில்லை என்ற அந்த அனுபவத்தாலேயே நமக்குத் தெளிவாகிறது என்கிறார் அவர். நூறு முறை வாசித்தும் புலப்படாத நயம், ஒரு முறை மாற்றிச் சொல்லப் பார்த்துத் தடுமாறிய பிள்ளைக்குப் புலப்பட்டுவிடுகிறது.

பயிற்சி சுயத்துவத்தைக் கொல்லும் என்பவர்களுக்குப் பெஞ்சமின் பிராங்கிளினுடைய சுயசரிதத்தைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. 1706-இல் பாஸ்டனில் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவரின் மகனாகப் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு பத்து வயதோடு முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். நண்பன் ஒருவனோடு அவர் நடத்திய வாதக் கடிதங்களைக் காண நேர்ந்த தந்தையார், எழுத்துப்பிழையின்மையிலும் நிறுத்தக்குறிகளிலும் மகனே மேம்பட்டவன் ஆயினும், நடையின் நேர்த்தியிலும் பொருளை ஒழுங்குபடுத்துவதிலும் தெளிவிலும் பின்தங்கியிருப்பதை உதாரணங்களோடு எடுத்துக்காட்டினார். அப்பொழுதுதான் ஆடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைத் தொகுதிகளுள் மூன்றாவது அந்தச் சிறுவர் கையில் அகப்பட்டது. அவர் ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சிறு குறிப்பை எழுதிக்கொண்டு, சில நாள் அவற்றை அப்படியே போட்டுவைத்து, பிறகு புத்தகத்தைப் பாராமல் அக்குறிப்புகளைக் கொண்டே கட்டுரை முழுவதையும் தம் சொற்களால் மீண்டும் எழுதினார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் கண்டு திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று உணர்ந்ததும், அசையும் எதுகையும் புதுச் சொல்லைத் தேடும்படி நிர்ப்பந்திக்கும் என்பதனால், சில கதைகளைச் செய்யுளாக்கி, உரைநடை மறந்துபோன பின் அச்செய்யுளை மறுபடி உரைநடையாக்கினார். இன்னும் சில சமயங்களில் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, வாரங்கள் கழித்து அவற்றை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவர முயன்றார். வேலை முடிந்த இரவிலும், வேலை தொடங்குமுன் விடியற்காலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஆசிரியர் ஒருவருமின்றி நடந்த கல்வி இது. பிறர் கட்டுரையை இத்தனை விதமாகப் புரட்டிப் புரட்டி எழுதிய அந்தப் பையனின் நடை பிற்காலத்தில் யாருடைய நடையின் பிரதியாயிற்று என்று எதிர்த்தரப்பினர் எனக்குச் சொல்லட்டும்.

சுயத்துவம் என்பதைப் பற்றியே நம்மிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. இதுவரை யாரும் சொல்லாத பொருளைச் சொல்வதுதான் அது என்று கொண்டால், கம்பனையும் நாம் சுயமான கவி என்று சொல்ல இயலாது. வான்மீகியின் வழியே வந்த கதையைத்தான் அவன் தமிழில் சொன்னான். 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்ட பாரதி, அதை வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பு என்றே கருதிவிடலாம் என்று முகவுரையில் தாமே கூறுகிறார். ஆயினும் அதன் ஒவ்வோர் அடியிலும் பாரதியை அடையாளம் காண்கிறோம். கௌதமரின் சாபமும் அகலிகையின் மீட்சியும் எத்தனையோ தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த பிறகும், சாபம் நீங்கியபின் அவ்விருவரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த புதுமைப்பித்தனுக்கு அதில் ஒரு புதிய கதை இருந்தது. பிறர் கதையைத் திருப்பிச் சொல்லும்போது சொல்பவனின் தேர்வுதான் புலப்படுகிறது. எதை நீட்டினான், எதைச் சுருக்கினான், யார் பக்கம் நின்றான் என்ற இவற்றில் அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை. பிறர் சொல்லைத் திருடப் பழக்குகிறோமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். திருடுகிறவன் பெரும்பாலும் வேறு விதமாகச் சொல்லத் தெரியாதவன். ஒரு பொருளைத் தன் சொல்லில் சொல்லிச் சொல்லிப் பழகியவனுக்கே, மூலத்தின் சொல் எங்கே முடிகிறது, தன் சொல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை திட்டமாகத் தெரியும்.

இனி, வாக்கியத்தை மாற்றியமைக்கும் பயிற்சிக்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் ஏளனம் பெரும்பாலும் இதன்மேல்தான். தமிழ்க் குழந்தை எல்லாவற்றுக்கும் தெரிந்த காக்கை நரிக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஈசாப்பின் பெயரால் வழங்கும் கிரேக்கக் கதையில் காகத்தின் அலகில் இருந்தது இறைச்சித் துண்டு; லத்தீனில் அதைச் செய்யுளாக்கிய ஃபீட்ரஸ் அதைப் பாலாடைக்கட்டியாக்கினார்; நம் ஊருக்கு வந்தபோது அது வடையாயிற்று, வடையைச் சுட்டு விற்கும் பாட்டியும் உடன் வந்து, பறிகொடுத்தவள் ஒருத்தி கதைக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவள் வந்ததனால் கதையின் தர்மமே மாறிவிட்டது; காகம் ஏமாந்தது மட்டுமன்றி, அதற்கு முன் அது களவாடியதும் கணக்கில் சேர்ந்துவிட்டது. இப்போது ஒரு வாக்கியம்: 'பாட்டி அசந்திருந்தபோது காகம் வடையைக் கவ்விச் சென்றது.' இதைத் திருப்பிப் போடுவோம்: 'காகம் வடையைக் கவ்விச் சென்றபோது பாட்டி அசந்திருந்தாள்.' நிகழ்ச்சி அதுவே. சொற்களும் அநேகமாக அவையே. ஆனால் தமிழ் வாக்கியத்தின் பாரம் அதன் இறுதியில் நிற்கும் முற்றுவினையின்மேல் விழுவதால், முதல் வாக்கியத்தில் காகத்தின் செய்கை விசாரணைக்கு வருகிறது; இரண்டாவதில் பாட்டியின் அசட்டை விசாரணைக்கு வருகிறது. 'பாட்டி அசந்திராவிட்டால் காகம் வடையைக் கவ்வியிராது' என்று எழுதும் பிள்ளை ஒரு காரணத்தையே ஸ்தாபிக்கிறது. அது உண்மைதானா, விழித்திருந்தாலும் காகம் கவ்வியிருக்காதா என்ற கேள்வி உடனே எழும். 'பாட்டி சுட்ட வடையைக் கவ்விச் சென்றது காகம்' என்றால், யார் எடுத்தது என்று விசாரிக்கும் ஒருவருக்கு விடை சொல்வதுபோல ஒலிக்கிறது. 'காகத்தால் வடை கவ்விச் செல்லப்பட்டது' என்பதோ இலக்கண வழுவில்லாதது. ஆனால் வாயால் சொல்லிப் பார்த்தால் தமிழ்க் காதுக்கு உடனே உறுத்தும். பாட்டியும் வாக்கியத்திலிருந்து அடியோடு காணாமற் போய்விட்டாள். பிள்ளை அதை எழுதிப் பார்த்து, காதால் கேட்டு, வேண்டாம் என்று தள்ள வேண்டும். தள்ளக் கற்பதும் இப்பயிற்சியின் ஓர் அங்கமே.

ஐந்து விதமாக எழுதிவிட்டால் பயிற்சி முடிந்ததென்று எண்ணுவதுதான் பள்ளிக்கூடம் செய்த பிழை. எழுதிய ஐந்தில் எது இந்தக் கதையின் இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று குழந்தை தேர்ந்து, ஏன் என்பதையும் வாயால் சொல்ல வேண்டும். பாட்டிக்காகப் பரிந்து பேசும் கதைக்கு ஒன்று பொருந்தும். சோம்பலைக் கண்டிக்கும் கதைக்கு இன்னொன்று பொருந்தும். நரி தன் குட்டிகளிடம் பெருமையடித்துக்கொள்ளும் கதைக்கு இவற்றுள் எதுவுமே பொருந்தாமல் போகலாம், புதிதாக ஒன்று தேட வேண்டிவரும். வாக்கியத்தின் வடிவம் என்பது உலகத்தில் நடந்த ஒன்றைப் பற்றிய தீர்ப்பு என்பதைப் பத்து வயதில் கண்டுகொண்ட பிள்ளை, பின்னாளில் செய்தித்தாளை வாசிக்கும்போது, யார் சுட்டார் என்று சொல்லாமல் 'துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி' என்று மட்டும் அச்சிட்டிருக்கும் தலைப்பின் முன் சற்று நின்று யோசிக்கும். இதை வெறும் அலங்காரப் பயிற்சி என்று சொல்பவர்கள் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது அதிக அவசியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம் ஆங்கிலப் பிள்ளை அறியாதது. 'பாட்டி அசந்துட்டாங்க, காக்கா வடையத் தூக்கிட்டுப் போயிருச்சு' என்று வாயால் சரளமாகச் சொல்லும் பிள்ளை, அதையே எழுத உட்கார்ந்ததும் ஊமையாகிவிடுகிறது. அது பேசும் மொழி தாளில் ஏற மறுக்கிறது, தாளில் ஏறும் மொழி அதன் வாயில் இன்னும் படியவில்லை. தோன்றியதைத் தோன்றியபடி எழுது என்ற உபதேசம் இவ்விடத்தில் முற்றிலும் பயனற்றதாகிறது. கதையைக் கேட்டு, பேச்சுவழக்கில் சொல்லி, பிறகு எழுத்துவழக்கில் எழுதும் குழந்தை, தினந்தோறும் அந்தத் தூரத்தை ஒரு முறை கடந்து போகிறது. போகப் போக, பேச்சின் உயிர் எழுத்திலும் கொஞ்சம் தங்குகிறது. பள்ளியில் படித்தும் இந்தக் கடவை கைகூடாமல், பேசும்போது ஒரு மனிதராகவும் எழுதும்போது அரசாங்கச் சுற்றறிக்கையாகவும் இருப்பவர்களை நாம் எங்கும் காண்கிறோம்.

நடுவழியில் நின்றுகொள்ளும் ஒரு சாராரும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1886-இல் வீட்டுக் கல்வியைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்ட சார்லட் மேசன், நல்ல நூல் ஒன்றை ஒரே முறை வாசித்துக் காட்டிவிட்டு, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைக் குறுக்கிடாமல் திருப்பிச் சொல்லும்படி விடும் முறையை வகுத்தார். அது அருமையான முறை. கேட்கும் குழந்தையின் கவனத்தை அதுபோல் கூர்மையாக்குவது வேறில்லை. ஆனால் சிறு குழந்தைகளுக்குக் கட்டுரை எழுதுவதைத் தனியே கற்பிப்பது வீண் என்பதும் அந்த அம்மையாரின் கருத்து; அவர் வழியைப் பின்பற்றுவோர் பலர், திருப்பிச் சொல்வதே போதும், வாக்கியத்தைத் தொட வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஏழு வயதுக்கு அது சரி. பதினொரு வயதிலும் அப்படியே விட்டால், 'அப்புறம்', 'அப்புறம்' என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் நடையே குழந்தைக்கு ஸ்திரப்பட்டுவிடும். கதை முழுவதையும் சொல்லி முடித்தபின், அதில் முக்கியமான ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, இதை வேறெப்படிச் சொல்லலாம் என்று கேட்பதால் அந்தக் குழந்தையின் கதை சிதைந்துபோகாது.

இதில் அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் வெவ்வேறு விதமாகத் தொடங்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி வேண்டும், 'சொன்னான்' என்ற சொல் இரண்டாம் முறை வரவே கூடாது என்று அட்டவணை போட்டுப் பிள்ளையை வதைக்கும் புத்தகங்கள் வீட்டுக் கல்வியாளரிடையே விலைபோகின்றன. அவற்றால் விளைவது, 'கருநிறக் காகம் சுவைமிகு வடையை விரைந்து கவ்வியது' என்ற வீக்கம். எராஸ்மஸ் 1512-இல் வெளியிட்ட சொல்வள நூலில், உன் கடிதம் எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே கருத்தை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் லத்தீனில் எழுதிக்காட்டியவர். அவரே அந்நூலின் தொடக்கத்தில், வளத்தைத் தேடிப் புறப்பட்டு வெறும் பிதற்றலில் போய் விழுவோரை எச்சரித்திருக்கிறார். எதற்காக மாற்றுகிறோம் என்ற கேள்வி இல்லாத மாற்றம் தேவையில்லை. சில இடங்களில் ஒரே சொல் மூன்று முறை வருவதே அழகு. அதையும் குழந்தை மாற்றிப் பார்த்துத்தான் அறிய முடியும்.

புள்ளிவிவரம் கேட்போருக்கும் விடை உண்டு. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் எழுத்தைப் பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டி எடைபோட்டு, ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், வாசித்ததைச் சுருக்கி எழுதக் கற்பிப்பதன் பயனளவு 0.82 என்றும், சிறு வாக்கியங்களை இணைத்து மாற்றியமைக்கும் பயிற்சியின் பயனளவு 0.50 என்றும் கண்டார்கள். மாணவன் தானே திட்டமிட்டு, எழுதி, திருத்திக்கொள்ளும்படி விடும் முறைக்குக் கிடைத்தது 0.32. எழுத்தோடு தொடர்பின்றி நடத்தும் தனி இலக்கணப் பாடமோ எதிர்மறையான பலனையே காட்டிற்று. பள்ளியின் இலக்கண வகுப்பை வெறுத்த பெற்றோர் அந்த அளவில் சரியாகவே வெறுத்தார்கள். கூடவே எதைத் தூக்கியெறிந்தார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

மாற்றிச் சொல்லும் வேலையை இப்போது கணினியே ஒரு நொடியில் செய்து தருகிறதே, இதைப் பிள்ளை பழகுவானேன் என்று கேட்பதும் தொடங்கியிருக்கிறது. கணினி பத்து வாக்கியங்களைத் தரட்டும். அவற்றுள் எது பாட்டிக்கு நியாயம் செய்கிறது என்று தேர்பவர் யார்? தானே மாற்றி எழுதிப் பழகாத பிள்ளைக்குப் பத்தும் ஒன்றாகவே தோன்றும்.

கடைசியாக, இப்பயிற்சி வீட்டில் கற்கும் பிள்ளைக்கே சிறப்பாக உரியது என்று நான் கருதுவதன் காரணம். நான் துணைக்கழைத்த குயின்டிலியன், வீட்டுக் கல்வியா பள்ளிக் கல்வியா என்ற கேள்வியில் பள்ளியின் கட்சியைச் சேர்ந்தவர். வீட்டில் இருக்கும் பிள்ளை தனக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே கற்கிறது. பள்ளியிலோ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கற்கிறது. ஒருவன் பாராட்டப்படுவதையும் இன்னொருவன் திருத்தப்படுவதையும் தினமும் கேட்டுத் தன் நிலையை அளந்துகொள்கிறது என்பது அவர் வாதம். வீட்டுக் கல்வியின்மேல் சொல்லப்பட்ட குறைகளுள் இதுவே வலிமையானது என்று ஒப்புக்கொள்கிறேன். தாள் முழுவதும் தன் மனத்தில் தோன்றியதையே எழுதி, அன்புள்ள அம்மா ஒருத்தியிடம் மட்டும் காட்டி, அவளுடைய புன்னகையை மட்டும் பெற்றுவரும் பிள்ளைக்கு, தன் எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் ஒன்றுமே இல்லை. சுதந்திரமாக எழுது என்ற உபதேசம் இந்தத் தனிமையை இன்னும் அதிகமாக்குகிறது. கதையை மாற்றிச் சொல்லும் பிள்ளைக்கோ பக்கத்தில் ஒரு சகபாடி உட்கார்ந்திருக்கிறான். மூலக்கதையை எழுதியவனே அந்தச் சகபாடி. இருவரும் ஒரே பொருளைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் ஒப்பிட முடிகிறது. பிராங்கிளின் அச்சுக்கூடத்தில் தனியாக இருந்தும் தனியாக இல்லாமல் கற்றது இந்த வழியினால்தான். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவரும் சொல்லும் கதையைக் கேட்டு முடிக்க ஓர் ஆசிரியருக்கு நேரம் போதாது. வீட்டிலே அதற்கு நேரம் உண்டு, கேட்கும் செவியும் உண்டு.

ஒப்பிடும் வேலையைப் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொள்ளாமல் பிள்ளையிடமே விட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். எழுதி முடித்து இரண்டு நாள் கழித்து, தன் பிரதியையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளை தானே வாசிக்கட்டும். பல இடங்களில் மூலமே மேலானது என்று அதற்குத் தெரியும். ஏன் மேலானது என்று தேடும்போது அது கற்கிறது. பிராங்கிளினுக்கோ, சிறு சிறு விஷயங்களில் தாம் மூலத்தைவிட நன்றாக எழுதிவிட்டதாகச் சில சமயம் தோன்றியதாம். அந்த இன்பம் அவருக்கு நல்ல எழுத்தாளனாகலாம் என்ற நம்பிக்கையைத் தந்ததாம். உங்கள் பிள்ளையும் ஒரு நாள் ஓடிவந்து, இந்த இடத்தில் என் வாக்கியம்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லும். அப்போது சிரித்துத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாமல், இரண்டையும் உரக்க வாசித்துக் கேளுங்கள். மூலமே மேல் என்று பட்டால் காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளை சொன்னது மெய்யாயிருந்தால் அதை ஒப்புக்கொண்டு, அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் திருத்தாமல் அப்படியே நோட்டுப் புத்தகத்தில் நிற்க விடுங்கள்.